லாச்சப்பலைப் பார்த்தவனும் பாரிஸைப் பார்த்தவன்தான்

“பாரிஸுக்குப் போய் லாச்சப்பலைப் பார்த்துப்போட்டு வந்திருக்கிறாய். அதுக்கு இங்க மார்க்கம் ரோட்டில ரெண்டு கடை ஏறி இறங்கியிருக்கலாமே!”

மச்சான் இதைச் சொன்னது ரொறன்ரோ எல்லையில், மில்லிக்கனில், எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில். அவர் என்மேல் அன்புள்ளவர். ஐரோப்பாவைச் சுற்றுலா பஸ்ஸில் இரண்டு தடவை சுற்றியவர். அத்திலாந்திக்கைக் கடந்து போய், ஐந்து நாள் தங்கி, ஈஃபிள் கோபுரத்தின் உச்சிக்கு ஏறாமல், மோனா லிசாவைக் காணாமல், வெர்சாய் மாளிகையை எட்டியும் பாராமல் திரும்பி வந்தவனை நினைத்து அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். நான் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட மறுமொழி இது.

மச்சான் ஒருவருடைய எண்ணம் மட்டும் என்றால் எழுதவேண்டி வந்திராது. ரொறன்ரோவில் தமிழர் நாலு பேர் கூடிப் பயணங்களைப் பற்றிக் கதைத்தால் இந்தக் கதையும் கட்டாயம் வரும். எங்கட சனம் லண்டனுக்குப் போனால் ஈஸ்ட்ஹாம், பாரிஸுக்குப் போனால் லாச்சப்பல் என்று தமிழ்க் கடைத்தெருவுக்குத்தான் போகும். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு, சேலை வாங்கிப் பெட்டியை நிரப்பிக்கொண்டு திரும்பும். உலகம் பார்க்கத் தெரியாத சனம். இப்படிச் சொல்பவர்கள் மூன்று குற்றம் சாட்டுகிறார்கள். காசு வீண் என்பது ஒன்று. எங்கே போனாலும் தமிழனையே தேடிப் போவது கிணற்றுத் தவளைக் குணம் என்பது இன்னொன்று. உலகத்தின் பெரிய கலைச்செல்வங்களைக் காட்டாமல் பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டு சோபாவில் இருத்திவைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது மூன்றாவது. மூன்றாவதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காசுக் கணக்கில் அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வரும் வளர்ந்த ஆள் ஒருவரிடம் லூவ்ர் அருங்காட்சியகம் 32 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அதைக் கொடுத்து உள்ளே போனவர்களில் மிகப் பலர் நேரே 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு படத்தின் முன்னால் போய், நூறு தலைகளுக்கு மேலால் கைபேசியை உயர்த்திவிட்டுத் திரும்புகிறார்கள். 2025 ஜூனில் அங்கே வேலை செய்பவர்களே கூட்ட நெரிசல் தாங்காமல் வேலையை நிறுத்தினார்கள். காசு வீணா இல்லையா என்பது எதைத் தேடிப் போனோம் என்பதில் இருக்கிறது. நான் தேடிப் போனது என் அண்ணனை.

அண்ணனை நான் கடைசியாகக் கண்டபோது அவருக்குத் தலைமுடி கறுப்பு. 1985 தொடக்கத்தில் அவர் வீட்டை விட்டுப் போனார். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின். அந்த நாட்களில் போன பலருடைய வழி அதுதான். ஆகவே மொஸ்கோவுக்குப் பிறகு அவர் கண்ட ஐரோப்பியத் தலைநகரம் பேர்லின். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராசே ரயில் நிலையத்துக்கு வந்து, மேற்கு பேர்லினுக்குள் போகும் ரயிலில் ஏறினார்கள். நகரத்தைப் பிரித்த அந்தக் கோட்டைச் சர்வதேச எல்லையாக மேற்கு நாடுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. பெரிய அரசுகள் இரண்டு பிடித்த பிடிவாதத்தில் விழுந்த ஒரு நீக்கல் அது. அதற்குள்ளால் ஆயிரக்கணக்கான தமிழர் உயிரோடு வெளியே வந்தார்கள். மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலால் அந்த வருடமே அந்த வழி ஒடுங்கிப் போனது.

அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் இன்று ‘கண்ணீர் மாளிகை’ என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பிரிந்த ஜேர்மன் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் கையசைத்து விடைபெற்ற கட்டடம். பேர்லினுக்குப் போகிறவர்கள் அவசியம் பார்க்கவேண்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதே நிலையத்தில், ஒரு வார்த்தை ஜேர்மன் தெரியாமல், ஏஜென்சிக்காரன் எழுதிக்கொடுத்த துண்டுக் கடதாசியை மடித்துப் பிடித்தபடி நின்ற இருபத்திரண்டு வயது யாழ்ப்பாணத்துப் பையனைப் பற்றி எந்தச் சுற்றுலாப் பட்டியல் சொல்லும்? அவன் நின்ற இடத்தை அவன்தான் காட்டவேண்டும். காட்டுவதற்கு அவனுக்கும் இனி எத்தனை வருடம் இருக்கிறது?

இதனால்தான் ‘சொந்தக்காரரைப் பார்க்கப் போனாயா, ஊர் பார்க்கப் போனாயா’ என்ற கேள்வியே எனக்குப் பிழையாகப் படுகிறது. எங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. எங்களில் பலருக்கு ஐரோப்பா பாதி வழி. 1986 ஆகஸ்ட் 11இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழரும் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள்தான். ஒரே வீட்டில் பிறந்தவர்களில் ஒருவர் பாரிஸில், ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் ஒஸ்லோவில் என்று நின்றுவிட்டதற்கு யாருடைய தெரிவும் காரணமில்லை. எவருடைய காசு எந்த நகரத்தோடு தீர்ந்தது, எந்த விமான நிலையத்தில் பிடிபட்டார் என்பதுதான் காரணம். அந்த நகரங்களுக்கு நாங்கள் வெறும் பார்வையாளராகப் போவதாக நடிக்க என்னால் முடியாது.

அண்ணன் இப்போது இருப்பது லா கூர்நெவில். விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்குள் வரும் ஆர்.ஈ.ஆர். பி ரயில் அந்த ஊரைக் கடந்துதான் வருகிறது. சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் அதைக் கடக்கிறார்கள். பெட்டியில் ஒரு கண்ணும் கைபேசியில் ஒரு கண்ணுமாக. அவர்கள் கார் து நோர் நிலையத்தில் இறங்கி மெட்ரோ மாறும்போது, நாங்கள் வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல். போபூர் சென் தெனி வீதி, ரூ காய், ரூ பெர்தொனே. மரக்கறிக் கடை, நகைக் கடை, தமிழ்ப் புத்தகக் கடை, மாலை கட்டுகிறவர்கள், கொத்து ரொட்டித் தகரத்தின் சத்தம். இதைத்தான் மச்சான் மார்க்கம் ரோட்டிலும் பார்க்கலாம் என்கிறார்.

பார்க்க முடியாது. மார்க்கம் ரோட்டில் என் அண்ணன் எட்டுப் பேரோடு முறை வைத்துப் படுத்த அறை இல்லை. இரவு வேலைக்காரர் எழும்ப, பகல் வேலைக்காரர் அதே மெத்தையில் படுப்பார்கள். ரூ காயில் அந்தக் கட்டடத்தின் கீழ்வாசலில் தபால் பெட்டிகளின் வரிசை இன்னும் இருக்கிறது. ஒப்ராவிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க அண்ணன் இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் படி இறங்கி வந்த இடம் அது. ஒப்ரா என்பது அகதிக் கோரிக்கையைத் தீர்மானிக்கும் பிரெஞ்சு அலுவலகம்; பாரிஸ் தமிழர் அந்தச் சொல்லை இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். கடிதம் வந்து, ‘கார்ட்’ கிடைத்த நாளில் அறையில் இருந்த எட்டுப் பேரும் ஒரு கோழியை வாங்கிச் சமைத்ததாக அண்ணன் சொன்னார். சொல்லும்போது அந்தப் பெட்டியின் தகரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். நான் பாரிஸில் கண்ட நினைவுச்சின்னங்களில் முதலாவது அந்தத் தபால் பெட்டி.

இரண்டாவது ஈஃபிள் கோபுரம். ஆம், அதையும் பார்த்தேன். அண்ணன் பதினைந்தாம் வட்டாரத்தில் ஓர் உணவகத்தில் ஆறு வருடம் கோப்பை கழுவினார். வேலை முடிந்தால் கடைசி மெட்ரோவுக்கு ஓட்டம். ஆறாம் இலக்க ரயில் பீர் அக்கீம் நிலையத்தை விட்டு வெளிக்கிட்டதும் ஆற்றுக்கு மேலே பாலத்தில் ஏறும். வலது பக்க யன்னலில் கோபுரம் முழுதாகத் தெரியும். பிறகு எத்துவாலில் இறங்கி இரண்டாம் இலக்கம் மாறினால் லாச்சப்பல். “கால் ஊறி வெடிச்சிருக்கும், கையில சோப்பு மணம் போகாது. ஆனா அந்தப் பாலத்தில மட்டும் எழும்பி நிப்பன்” என்றார். உச்சிக்கு ஒரு நாளும் ஏறியதில்லை. நாங்கள் இருவரும் இரவு பத்தரை மணிக்கு அதே ரயிலில் அதே பக்க யன்னலோரம் நின்று போனோம். பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட எடுக்காது. 330 மீற்றர் கோபுரத்தின் உச்சியில் நின்று நகரத்தைக் கீழே பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். கோப்பை கழுவிக் களைத்தவனின் இடத்தில் நின்று அந்தக் கோபுரத்தை நான் பார்த்தேன். என் பயணத்தை வீண் என்று சொல்பவர்கள் இந்தக் காட்சிக்கு என்ன விலை போடுவார்கள்?

லாச்சப்பல் ‘உண்மையான பாரிஸ்’ இல்லை என்று ஒரு வாதம் உண்டு. படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்கள் அந்த நகரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். லாச்சப்பல் 1860 வரை தனி ஊர். அந்த வருடம்தான் பாரிஸோடு சேர்க்கப்பட்டது. அதே காலத்தில் ஓஸ்மன் என்ற நிர்வாகி பழைய தெருக்களை இடித்து, இன்று எல்லோரும் படம் எடுக்கும் அகன்ற வீதிகளைப் போட்டார். அந்த இடிபாட்டில் வீடிழந்த கூலித் தொழிலாளர் நகரத்தின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்கள் ஒதுங்கிய ஓரங்களில் லாச்சப்பலும் பக்கத்துக் கூத் தோரும் அடங்கும். எமில் ஸோலாவின் ‘லாசொம்வார்’ நாவல் 1877இல் புத்தகமாக வந்தது. அதன் முதல் காட்சி நடப்பது லாச்சப்பல் பெருவீதியில் ஒரு மலிவு விடுதியில். சலவைத் தொழில் செய்யும் ஒரு பெண் இரவு இரண்டு மணி வரை யன்னலில் நின்று வராத துணைவனுக்காகக் காத்திருக்கிறாள். நூற்றைம்பது வருடமாக அந்த வட்டாரம் வெளியிலிருந்து வந்த ஏழைகளின் பாரிஸ். ஸோலாவைப் பெரிய எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு, அவர் எழுதிய தெருவில் இன்று காத்திருப்பவர் தமிழராக இருப்பதால் மட்டும் அது பாரிஸ் இல்லை என்றால் எப்படி?

பாணைப் பாருங்கள். பாரிஸுக்குப் போகிற எவரும் நீளப் பாண் தின்னாமல் வருவதில்லை. அதன் கைத்திறனை 2022இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 2023இல் பாரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த பாணுக்கான பரிசை வென்றவர் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா. கடை இருபதாம் வட்டாரத்தில். அந்தப் பரிசோடு, பிரெஞ்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கு ஒரு வருடம் பாண் கொடுக்கும் உரிமையும் வரும். 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்ற ‘தீபன்’ படத்தில், பாரிஸ் புறநகர் ஒன்றில் காவலாளி வேலை செய்யும் அகதியாக நடித்தவர் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி. பிரெஞ்சுக்காரருடைய மேசையிலும் திரையிலும் நாங்கள் இருக்கிறோம். எங்களுடைய பயணப் பட்டியலில் மட்டும் எங்களுக்கு இடமில்லை என்றால் அந்தப் பட்டியலில்தான் கோளாறு.

கிணற்றுத் தவளைக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். லாச்சப்பல் மூடிக் கட்டிய தமிழ்ச் சேரி என்று நினைப்பவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே நிற்கவேண்டும். வங்காளதேசத்தவர், பாகிஸ்தானியர், மொரிஷியஸ்காரர், பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்த பாண்டிச்சேரித் தமிழர், மேற்கு ஆபிரிக்கர், தோசைக்கு வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் கோடை முடியும் காலத்தில் அந்தத் தெருக்களில் இழுபடுகிறது. பொலிஸ் வழிவிட, தெருவெல்லாம் தேங்காய் சிதற, பாரிஸ் நகரமே ஓரத்தில் நின்று பார்க்கிறது. லா கூர்நெவில் அண்ணனின் எதிர்வீட்டு அல்ஜீரியக் கிழவி நான் வந்திருப்பதைக் கேள்விப்பட்டுக் கூஸ்கூஸ் கொண்டுவந்தாள். தன் தகப்பன் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தார், எந்த வருடம் அது மூடப்பட்டது என்று ஒரு மணித்தியாலம் சொன்னாள், அண்ணனின் மகளான என் பெறாமகள் மொழிபெயர்த்தாள். பஸ்ஸில் ஐரோப்பா சுற்றிய மச்சானிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். அந்த நகரங்களில் சீட்டு விற்பவரையும் சாப்பாடு வைப்பவரையும் தவிர வேறு யாரோடாவது கதைக்க உங்களுக்கு நேரம் தரப்பட்டதா?

இனி பிள்ளைகள். இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுதாக ஏற்கிறேன். பாரிஸுக்கு ஐந்து தடவை போயும் சேன் நதியின் அந்தப் பக்கத்தைக் காணாதவர்கள் எங்களில் உண்டு. விருந்தோம்பல் என்ற பெயரில் பிள்ளைகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தி, நாலு நாளும் நாடகத் தொடர் பார்ப்பவர்களும் உண்டு. அது இழப்புத்தான். பெரிய ஓவியத்தின் முன்னால் நிற்கும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அதைப் பறிக்க நான் சொல்லவில்லை. நான் மறுப்பது ஒரு தரவரிசையை. பட்டியலில் உள்ளதைப் பார்த்தால் பார்த்ததாகவும், இல்லாததைப் பார்த்தால் பார்க்காததாகவும் எண்ணும் அந்த அளவுகோலை.

ஏனென்றால் அந்தப் பட்டியல் ஒன்றும் வேதமில்லை. ஈஃபிள் கோபுரம் 1889ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. இருபது வருடம் நிற்கத்தான் அனுமதி. அது எழும்பிக்கொண்டிருந்த 1887இல் மோப்பசான் உட்படப் பல எழுத்தாளரும் கலைஞரும் அதை நகரத்தின் அவமானம் என்று பகிரங்கமாக எதிர்த்தார்கள். அதே கண்காட்சியில் ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மனிதர்களைக் குடிசை போட்டு இருத்தி, பார்வையாளருக்குக் காட்டினார்கள். எது பார்க்கத் தகுந்தது என்று அன்று தீர்மானித்தவர்கள் எங்களைப் போன்றவர்களைக் காட்சிப்பொருளின் பக்கத்தில் வைத்தவர்கள். அந்தத் தீர்மானத்தை நான் அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளவேண்டிய கடன் எனக்கில்லை.

அதே 1889இல் பாரிஸில் இன்னொன்றும் திறக்கப்பட்டது: கிமே அருங்காட்சியகம். ஆசியக் கலைக்கென்றே உள்ளது. கோபுரத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் நடை தூரம். தமிழ்நாட்டில் வார்க்கப்பட்ட 11ஆம் நூற்றாண்டு நடராசர் வெண்கலச் சிலை அங்கே நிற்கிறது. என்னோடு வந்த என் மகன் மில்லிக்கனில் பிறந்து வளர்ந்தவன். பயணத்துக்கு முன் அவன் கைபேசியில் தயாரித்த பதினான்கு இடங்களில் கிமே இல்லை. பெறாமகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். அவன் அந்தச் சிலையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். தூக்கிய திருவடியைப் பின்பக்கத்திலிருந்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோயிலில் அலங்காரமும் திரையும் மறைக்கும். “இது எப்படி இங்க வந்தது, அப்பா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போனோம், 1954இல் பிரெஞ்சுக்காரர் அதை விட்டுப் போனதற்குப் போனோம், பெரியப்பா எப்படி இங்கே வந்தார் என்பதற்குப் போனோம். மச்சான் கேட்கும் கலைச்செல்வம் இதுதானே? அவர் நம்பும் பட்டியல் இதைச் சொல்லவில்லை. லா கூர்நெவ் வீட்டு சோபாவில் இருந்த ஒரு பெண்பிள்ளை சொன்னாள்.

கடைசியாக, எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே நின்றால் ரொறன்ரோ, வடக்கே நின்றால் மார்க்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயரில் இருக்கும் இந்த இடத்தில் இன்று சீனரும் தமிழரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்டீல்ஸில் 53ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும் சனத்தில் பாதிப் பேர் தொழிற்சாலைச் சப்பாத்து போட்டிருப்பார்கள். மில்லிக்கன் பூங்காவில் குளத்தைச் சுற்றி எங்கள் வயோதிபர் நடக்க, சீன முதியவர்கள் மரத்தடியில் மெல்ல மெல்லக் கைகளை அசைத்துப் பயிற்சி செய்வார்கள். ரொறன்ரோவை மூன்று நாளில் பார்க்கச் சொல்லி நான் கண்ட எந்தப் பட்டியலிலும் இது இல்லை. 553 மீற்றர் சி.என். கோபுரம் இருக்கும், நயாகரா இருக்கும். அவை இரண்டையும் பார்த்துவிட்டுப் போன ஒருவர், மில்லிக்கனில் முப்பது வருடம் வாழ்ந்த மச்சானிடம் ‘உங்கள் நகரத்தை முழுதாகப் பார்த்துவிட்டேன்’ என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்வாரா? தன்னுடைய வாழ்க்கையை அந்த நகரத்திலிருந்து கழித்துவிட விடுவாரா? அண்ணனுடைய வாழ்க்கையைப் பாரிஸிலிருந்து கழிக்க நானும் விடமாட்டேன்.

ஓகஸ்டில் பெறாமகள் இங்கே வருகிறாள். மச்சான் இப்போதே கூட்டிப்போக வான் பேசிவிட்டார். நயாகராவுக்கு ஒரு நாள், ஆயிரம் தீவுகளுக்கு ஒரு நாள். அவள் போகட்டும், சந்தோஷமாகப் பார்க்கட்டும். ஆனால் போன கிழமை தொலைபேசியில் அவள் தானாகக் கேட்டது வேறு. “சித்தப்பா, நீங்க வந்து இறங்கின முதல் விண்டர் இருந்த பேஸ்மென்ட் இன்னும் இருக்கா? அப்பா உங்களுக்குக் காசு அனுப்பின அட்ரஸ் அதுதானாம்.”

நேற்று வேலை முடிந்து வரும்போது இரண்டு தரிப்பிடம் முன்னதாக இறங்கி அந்தத் தெருவுக்குள் நடந்தேன். வீடு இருக்கிறது. கராஜ் கதவுக்குப் புது நிறம் அடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கீழே இறங்கும் படி அப்படியே இருக்கிறது. யாரோ ஒருவருடைய சப்பாத்து வெளியே கழற்றி வைக்கப்பட்டிருந்தது.